பெயரைத் தேடும் இசைத்தட்டுகள்

தபால் தலை சேர்ப்போர் நம்மிடையே பலர் உண்டு. பழைய நாணயம் சேர்ப்போரும் உண்டு. தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து, அவற்றைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து, அம்மாவிடம் அகப்பட்டுக்கொண்டவர்கள் என் வயதினரில் அநேகர். ஆனால் இசைத்தட்டு சேர்ப்போரைப் பற்றி நீங்கள் அவ்வளவாகக் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். அவர்களைப் பற்றியே இங்குச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

2009-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இசைத்தட்டு விலைபோயிற்று. அதன் விட்டம் ஏழே அங்குலம். ஒரு பக்கம் ஓடி முடிய மூன்று நிமிடங்கூட ஆகாது. அதன் விலை 25,742 பவுண்டு! பாடியவர் ஃபிராங்க் வில்சன் என்னும் அமெரிக்கர். பாட்டின் பெயர் 'டூ ஐ லவ் யூ'. (தலைப்பைக் கண்டு பெற்றோர் முகம் சுளிக்க வேண்டாம். பாடியவர் பிற்காலத்தில் சமய போதகராகத் தொண்டாற்றியவர்!)

விலையைக் கேட்டு வியப்பாக இருக்கிறதல்லவா? எனக்கு அதைவிட வியப்பளித்தது வேறொன்று. இங்கிலாந்து மக்கள் இப்பாட்டை முதன்முதலில் கேட்டபோது, பாடியவரின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. எட்டி ஃபாஸ்டர் என்ற வேறொரு பெயரே சொல்லப்பட்டது. அவ்வாறு நேர்ந்தது எப்படி? அதைச் சொல்லுமுன் இந்த இசை எங்கே பிறந்தது என்று பார்த்துவிடுவோம்.

'சோல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே 1950-களின் நடுவில் உருவாகி, 1960-களில் செழித்த இசைக்கு இப்பெயர் வழங்கலாயிற்று. அதன் தாய்வீடு தேவாலயம். ஞாயிறுதோறும் ஆலயங்களில் ஒருவர் முன்னின்று ஓர் அடியைப் பாட, சபையார் கைதட்டி மறுமொழியாகப் பாடுவர். முன்நிற்பவர் உள்ளம் பொங்கி, எழுதிய மெட்டைத் தாண்டி, குரலை வளைத்தும் உடைத்தும் பாடுவார். அவ்வாறு பாடி வளர்ந்த பிள்ளைகள் அதே குரலில் உலக வாழ்க்கையின் இன்ப துன்பங்களைப் பாடத் தொடங்கியபோது சோல் இசை பிறந்தது. 1954-இல் ரே சார்ல்ஸ் என்ற கண்பார்வையற்ற இசைஞர் ஒரு பக்திப் பாட்டின் போக்கைத் தழுவித் தம் காதற்பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். இறைவனுக்குரிய இசையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று பக்தியுள்ளோர் பலர் மனம் வருந்தினர். அந்த வருத்தத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் அந்த இசை இரு வீடுகளுக்கும் உரியதாகவே வாழ்ந்தது என்பதற்கு அரீத்தா ஃபிராங்க்ளினைக் காட்டலாம். டெட்ராய்ட் நகரத்துப் போதகர் ஒருவரின் மகளாகிய அவர் பதினான்கு வயதில், 1956-இல், தம் தந்தையின் ஆலயத்தில் பாடிய பாடல்கள் பதிவாயின. 1967-இல் 'ரெஸ்பெக்ட்' என்ற பாட்டினால் உலகப் புகழ் பெற்றார். அந்தப் புகழின் உச்சியில், 1972 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓர் ஆலயத்தில் பாடற்குழுவோடு இரண்டு இரவுகள் பக்திப் பாடல்களையே பாடிப் பதிவு செய்தார். 'அமேசிங் கிரேஸ்' என்ற அந்த இரட்டைத் தட்டை, இந்த இசையில் ஒன்றே ஒன்று கேட்க விரும்புவோர்க்கு நான் பரிந்துரைப்பேன்.

இசை ஆலயத்தில் பிறந்தாலும் தட்டுகள் பிறந்தது தொழிற்கூடங்களில். அவற்றுள் இரண்டைச் சொல்லியே ஆகவேண்டும்.

பெர்ரி கோர்டி என்பவர் டெட்ராய்டில் ஒரு மோட்டார்க் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1959-இல் தம் குடும்பத்தாரின் பொதுச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் பெற்று ஒரு கம்பெனியைத் தொடங்கினார். அதுவே மோட்டவுன். ஒரு சாதாரண வீட்டை வாங்கிப் பின்பக்கத்தை ஒலிப்பதிவு அறையாக்கினார். கார்கள் வரிசையில் நகர்ந்து முழுமை பெறுவதைக் கண்டவரல்லவா? பாட்டையும் அவ்வாறே செய்தார். ஒருவர் எழுத, ஒருவர் மெட்டமைக்க, ஒரே வாத்தியக் குழு எல்லாப் பாடகர்க்கும் வாசிக்க, இறுதியில் ஒரு கூட்டம் கூடி எதை வெளியிடலாம் என்று வாக்கெடுக்கும். இளம் பாடகியர் நடக்கவும் உட்காரவும் சபையில் பேசவும் பழகுவதற்கு மேக்ஸின் பவல் என்ற அம்மையார் வகுப்பே நடத்தினார். நம் பள்ளிச் சகோதரிகள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்!

மற்றொன்று தெற்கே மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ். ஜிம் ஸ்டூவர்ட் என்ற வங்கி ஊழியரும், ஆசிரியையாக இருந்து பின் வங்கியில் பணிபுரிந்த அவர் தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டனும் சேர்ந்து நடத்தியது. இருவர் குடும்பப் பெயர்களிலும் முதல் இரண்டு எழுத்துகளைச் சேர்த்ததே கம்பெனியின் பெயர். ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணமில்லை என்றபோது அந்த அம்மையார் தம் வீட்டை அடமானம் வைத்தார். பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில் இவர்கள் குடியேறினர். இருக்கைகளைப் பெயர்த்தார்கள், சரிவான தரையை மட்டமாக்கச் செலவாகுமே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்டாக்ஸ் தட்டுகளின் தனி ஒலிக்கு அந்தச் சரிவும் ஒரு காரணம் என்பர். கொட்டகையில் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் அம்மையார் இசைத்தட்டுக் கடை வைத்தார். தெருப்பிள்ளைகள் வந்து எதை விரும்பிக் கேட்கிறார்கள், எதைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்து உள்ளே போய்ச் சொல்வார். இனத்தால் மக்கள் பிரித்துவைக்கப்பட்டிருந்த அந்த ஊரில், வெள்ளையரும் கறுப்பரும் தோளோடு தோள் நின்று வாசித்த இடம் அது. ஓட்டிஸ் ரெடிங் என்ற இணையற்ற பாடகர் இங்கேதான் பாடினார். 1967 டிசம்பரில் இருபத்தாறே வயதில் விமான விபத்தில் மாண்டார். ஸ்டாக்ஸ் இசைஞர்கள் கூடிப் பாட்டெழுதிய லொரேன் விடுதியில்தான் 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். 1975-இன் இறுதியில் கம்பெனி நொடித்து மூடப்பட்டது. கொட்டகையும் 1989-இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 2003-இல் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது.

பெரிய கம்பெனிகளின் கதை இது. இவற்றைப் பின்பற்றி சிகாகோவிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் சிறு சிறு கம்பெனிகள் முளைத்தன. சில நூறு தட்டுகள் அச்சிடுவார்கள். வானொலி நிலையத்துக்குச் சில அனுப்புவார்கள். வானொலியில் ஒலித்தால் பிழைத்தது, இல்லையேல் கிடங்கு. பாடிய பெண் மறுபடியும் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ வேலைக்குப் போய்விடுவாள். நன்றாகப் பாடியவர்கள் தோற்றார்கள் என்பதுதான் வேதனை.

இப்படித் தோற்ற தட்டுகளைத் தேடி எடுத்தவர்கள் யார் தெரியுமா? கடல் கடந்து, இங்கிலாந்தின் வடபகுதியில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த இளைஞர்கள்! மான்செஸ்டர், பிளாக்பூல், விகன் போன்ற ஊர்களின் நடனக் கூடங்களில் 1960-களின் வேகமான சோல் பாட்டுகளுக்கு விடிய விடிய ஆடுவது அவர்கள் வழக்கம். உலகம் புதிய இசைக்கு நகர்ந்த பின்னும் அவர்கள் நகரவில்லை. லண்டனில் டேவ் கோடின் என்பவர் சோல் இசைக்கென்றே ஒரு கடை வைத்திருந்தார். கால்பந்தாட்டம் பார்க்க வடக்கிலிருந்து வரும் இளைஞர்கள் அவர் கடையில் புதிய தட்டுகளை ஏறெடுத்தும் பாராமல் பழைய பாணியையே கேட்பதைக் கண்டு, 'வடக்கத்திச் சோல்' என்று பொருள்படும் ஒரு பெயரை அவர்தாம் வழங்கினார். அதுவே நிலைத்துவிட்டது.

விகன் காசினோ என்ற கூடத்தில் 1973 செப்டம்பரில் முழு இரவு நடனங்கள் தொடங்கின. இரவு இரண்டு மணிக்குத் தொடங்கிக் காலை எட்டு மணிக்கு முடியும். மது விற்பனை கிடையாது. 1981-இல் அக்கூடம் மூடப்பட்டது. முழு இரவு நடனங்கள் அதே மூன்று பாட்டுகளோடு முடிவது அங்கே வழக்கமாயிற்று. ஆடுவோர்க்குத் தெரிந்த பாட்டுகள் பழகிப்போனால் புதியவை வேண்டுமே! புதியவை என்றால் இன்று செய்தவையல்ல. பத்தாண்டுகளுக்குமுன் அமெரிக்காவில் யாரும் வாங்காமல் விட்டவை. ஆகவே தட்டு ஒலிப்போர் விமானம் ஏறிப் போய் அமெரிக்கக் கிடங்குகளில் தூசிக்குள் மண்டியிட்டுத் தேடினார்கள். இவ்வாறு 1973-இல் அமெரிக்கா சென்ற ரிச்சர்ட் சேர்லிங் கொண்டுவந்தவற்றுள் ஒன்று குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெய்ன்டட் லவ்'. 1960-களின் நடுவில் வெளிவந்து, கேட்பாரற்றுப் போன பாட்டு. விகனில் அதற்கு உயிர் வந்தது. 1981-இல் வேறொரு ஆங்கிலேயக் குழு அதையே பாடி நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது.

இங்கேதான் அந்தப் பொய்ப் பெயரின் கதை வருகிறது. ஓர் அரிய தட்டு ஒருவரிடம் மட்டுமே இருந்தால் அவர் இருக்கும் கூடத்துக்கே கூட்டம் வரும். போட்டியாளர் அத்தட்டின் பெயரைத் தெரிந்துகொண்டால் தாமும் தேடி வாங்கிவிடுவார். ஆகையால் தட்டின் நடுவிலுள்ள அச்சுத் தாளின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துவிட்டு, பாடகர்க்கும் பாட்டுக்கும் கற்பனைப் பெயர் சூட்டி அறிவிப்பார்கள். ஆடுவோர் அந்தப் பெயரையே நம்பி வீடு திரும்புவர்.

ஃபிராங்க் வில்சனுக்கு நேர்ந்தது இதுவே. அவர் பாட்டு 1965-இல் மோட்டவுனின் கிளைப் பெயர் ஒன்றில் மாதிரித் தட்டாக அச்சாயிற்று. ஏறத்தாழ 250 பிரதிகள் என்பர். பாடகராக விளங்குவதைவிடப் பிறர்க்குப் பாட்டெழுதித் தயாரிப்பதையே அவர் தேர்ந்துகொண்டார் என்று சொல்வர். தட்டு கடைக்கே போகவில்லை, பிரதிகளை அழித்துவிட்டார்கள். தப்பிய ஒரு பிரதியின் நகல் 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்து வந்து, பொய்ப் பெயரில் கூடமெங்கும் முழங்கியது. பாடிய மனிதரோ அமெரிக்காவில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்! உண்மை வெளிப்பட்டபின் 1979-இல் அவர் பெயரிலேயே இங்கிலாந்தில் வெளியாயிற்று. அவர் 2012-இல் காலமானார். தட்டுக்குக் கிடைத்த 25,742 பவுண்டு, அதை விற்றவரைச் சேர்ந்தது. பழைய தட்டு கைமாறும்போது பாடியவர்க்கு ஒரு காசும் போவதில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் சேகரிப்போரால் பாடகர்க்கு என்ன நன்மை? தட்டை வாங்கிப் பூட்டி வைப்பவரால் ஒன்றுமில்லை என்றே நான் சொல்வேன். ஆனால் சேகரிப்போர் கூடினால் வாதிடுவார்கள். அந்த வாதங்களில்தான் நன்மை விளைந்தது. இந்தக் குரல் யாருடையது? இந்த வாத்தியம் வாசித்தது யார்? இது உண்மைத் தட்டா, கள்ள அச்சா?

இவற்றுக்கு விடை தட்டிலேயே இருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும். வீட்டில் தாத்தாவின் பழைய இசைத்தட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். விரல் படாமல் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். நடுத் தாளில் கம்பெனியின் பெயர், வரிசை எண், பாட்டெழுதியவர் பெயர், ஓடும் நேரம் ஆகியவை இருக்கும். தாளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையிலுள்ள வழவழப்பான பகுதியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சிறு எழுத்துகளும் எண்களும் தெரியும். தாய் அச்சில் பொறித்தவை அவை. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த மோனார்க் என்னும் அச்சாலை ஒரு சிறு முக்கோணத்தையும் அதையடுத்து ஓர் எண்ணையும் பொறித்து வந்தது. அந்த எண்களை வரிசைப்படுத்தியே, எந்தத் தட்டு ஏறத்தாழ எப்போது அச்சாயிற்று என்று சேகரிப்போர் கணக்கிட்டுவிட்டனர். சில பாட்டுகளின் உண்மைத் தட்டில் முத்திரை குத்தியிருக்க, கள்ளத் தட்டில் கையால் கீறியிருக்கும். இந்த வேறுபாடு பலருடைய பணத்தைக் காத்திருக்கிறது. தட்டுகளிலும் இரு வகை உண்டு. வினைல் சற்று வளையும். அமெரிக்கச் சிறு தட்டுகள் பல பாலிஸ்டைரின் என்ற மலிவான பிளாஸ்டிக்கால் ஆனவை. ஊசி பட்டுப்பட்டு விரைவில் தேய்ந்து கரகரக்கும். இரண்டுக்கும் வெயில் பகை. விடுமுறையில் சன்னலோரம் வைத்துப் போன என் தட்டு ஒன்று திரும்பி வந்து பார்த்தபோது அப்பளம்போல நெளிந்திருந்தது. அன்றுமுதல் என் தட்டுகள் நிழலில், புத்தகங்களைப்போல் நிமிர்ந்தே நிற்கின்றன.

கம்பெனிகளே காக்காத பாட்டைச் சேகரிப்போர் காத்ததும் உண்டு. 2008 ஜூனில் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் மூல ஒலிநாடாக்கள் பல எரிந்தன. எவ்வளவு எரிந்தன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மூலநாடா போனபின் எவர் வீட்டு அலமாரியிலோ உள்ள தேயாத தட்டுதானே மிஞ்சுகிறது? இங்கிலாந்தில் 1982-இல் தொடங்கிய கென்ட் என்ற வரிசை, கம்பெனிகளிடம் முறைப்படி உரிமை பெற்று மறந்துபோன பாட்டுகளை மறுபதிப்புச் செய்தது. டேவ் கோடினும் 1997 முதல் தமக்குப் பிரியமான சோகப் பாட்டுகளைத் தொகுத்து அதே வரிசையில் வெளியிட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் யார் என்று பாசத்தோடு குறிப்பெழுதினார்.

வாத்தியம் வாசித்தவர் கதை இன்னும் வருத்தமானது. மோட்டவுனில் 1960-களில் பெரும்பாலான பாட்டுகளுக்கு வாசித்த குழுவினரின் பெயர் அப்பாட்டுகளின் தட்டுகளில் இல்லை. தாழ்சுருதிக் கித்தார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் விரல்களை உலகமெங்கும் கேட்டார்கள், பெயர் அறியார். 1971-இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டின் உறையில்தான் முதன்முறையாக அக்குழுவினர் பெயர்கள் அச்சேறின. அதற்கு அடுத்த ஆண்டே கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. ஜேமர்சன் 1983-இல் மறைந்தார். அவர்களைப் பற்றிய திரைப்படம் 2002-இல்தான் வந்தது.

பெண்பிள்ளைகளாகிய உங்களுக்கு மூன்று பெயர்களைச் சொல்ல விரும்புகிறேன். ஜாக்கி ஹிக்ஸ், மார்லின் பாரோ, லூவேன் டெம்ப்ஸ். இம்மூவரும் 'ஆன்டான்டீஸ்' என்ற பெயரில் மோட்டவுனின் பின்னணிக் குரல்களாக இருந்தவர்கள். மேரி வெல்ஸின் 'மை கை' பாட்டிலும், ஃபோர் டாப்ஸ் குழுவின் 'ரீச் அவுட்' பாட்டிலும், முன்நிற்பவர்க்குப் பின்னே திரைச்சீலைபோல் விரியும் பெண்குரல்கள் இவர்களுடையவை. 1968-இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற 'லவ் சைல்ட்' பாட்டின் தட்டில் 'டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. சுப்ரீம்ஸ் குழுவின் மற்ற இரு பெண்களும் அதில் பாடவேயில்லை. டயானா ராஸுக்குப் பின்னே பாடியது ஆன்டான்டீஸ்! கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள், இது அந்த இருவர் குரலல்லவே என்று ஐயுற்றுக் கேள்வி எழுப்பின. பாடியவர்களையே தேடிக் கண்டு கேட்டறிந்தனர் ஆர்வலர்கள். நம் பாடற்குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று மாற்றுச் சுருதி பாடும் பிள்ளைகளுக்கு இந்த மூவரின் நிலை விளங்கும்.

அவர்கள் பெயர் தாங்கிய சிறுதட்டு ஒன்றே ஒன்று வந்தது. 1964-இல், மோட்டவுனின் மற்றொரு கிளைப் பெயரில், 'லைக் எ நைட்மேர்'. அது வந்த சுவடே தெரியாமல் மறைந்தது. இன்று சேகரிப்போர் ஏங்கித் தேடும் அரிய தட்டுகளில் ஒன்று. அதைக் கையில் எடுத்து ஊசியை வைத்தால் முன்னே ஒலிப்பது ஆன் போகன் என்ற வேறொரு பெண்ணின் குரல். அவர் பெயர் அந்தத் தட்டில் இல்லை.